நடுங்கும் கையும் தொடுதிரையும்

இலண்டன் மாநகரின் ஒரு பகுதி ஹாக்ஸ்டன் எனப்படும். இருநூறு ஆண்டுகளுக்கு முன்னர் அப்பகுதியில் ஜேம்ஸ் பார்க்கின்சன் என்னும் மருத்துவர் வாழ்ந்துவந்தார். அவர் 1755-ஆம் ஆண்டு ஏப்ரல் திங்கள் 11-ஆம் நாள் பிறந்தவர். தந்தையாரைப் பின்பற்றி மருத்துவத் தொழிலை மேற்கொண்டவர். ஓய்ந்த பொழுதுகளில் கல்லாய்ச் சமைந்த தொல்லுயிர்களை ஆராய்ந்தவர். தெருவில் எதிர்ப்படும் மக்களின் நடையையும் நிற்கும் நிலையையும்கூட அவருடைய கண்கள் நோக்காமல் விட்டதில்லை. 1817-ஆம் ஆண்டில் அவர் நடுக்குவாதத்தைப் பற்றிச் சிறு நூல் ஒன்றை எழுதி வெளியிட்டார். அதில் கூறப்படும் நோயாளிகள் அறுவரே. அவ்வறுவருள் இருவரை அவர் தற்செயலாகத் தெருவிற் சந்தித்தார். மற்றொருவரைத் தொலைவிலிருந்து கண்டாரேயன்றி அவரோடு உரையாடவும் இல்லை. இத்துணைச் சிறிய அடிப்படையின்மீது எழுந்த அந்நூல் இன்றளவும் மருத்துவ உலகில் போற்றப்படுகின்றது.

அவர் வரைந்துகாட்டிய நோய் ஓசையின்றி வருவது. முதலில் ஒரு கையில் சிறு நடுக்கம் தோன்றும். நோயாளி அதனைப் பொருட்படுத்தார். திங்கள்கள் பல கழியும். பின்னர், எழுதும்போது கை சொன்னபடி கேளாது. உணவை வாய்க்குக் கொண்டு செல்வதும் அரிய செயலாகும். உடல் முன்னோக்கி வளையும், அடிகள் குறுகும். உள்ளம் ஆணையிடுகின்றது, கையோ அவ்வாணையை உரியவாறு நிறைவேற்றத் தவறுகின்றது. உள்ளத்துக்கும் கைக்கும் இடையே தோன்றும் இந்த இடைவெளியைப் பார்க்கின்சன் தெளிவாகக் கண்டு உரைத்தார். அந்நூற்றாண்டின் பிற்பகுதியில் பாரிஸ் நகரின் சால்பெத்ரியேர் மருத்துவமனையில் பணியாற்றிய ஷார்க்கோ என்னும் பேரறிஞர், இந்நோய்க்குப் பார்க்கின்சன் பெயரையே சூட்டினார். நடுக்குவாதம் என்னும் பழம்பெயர் அவருக்கு உடன்பாடன்று. இந்நோயுற்றார் எல்லாரும் நடுங்குவதில்லை. உறுப்புகள் முற்றிலும் செயலற்றுப் போவதும் இல்லை என்பது அவர் காட்டிய காரணம். அக்கருத்து இக்காலத்தில் கைபேசிச் செயலிகளை அமைப்போருக்கும் பயன்படுவதாகும். பார்க்கின்சன் நோய் என்றவுடன் நடுக்கத்தை மட்டுமே நினைப்பவர், அந்நோயாளியின் கையைப் பாதியளவே அறிந்தவராவர்.

அக்கை எத்தகையது என்பதை நோயுற்ற ஒருவரே எழுதிவைத்துள்ளார். அவர் வில்ஹெல்ம் ஃபான் ஹம்போல்ட் என்னும் செருமானிய அறிஞர். பெர்லின் பல்கலைக்கழகம் தோன்றக் காரணமாயிருந்தவர். சாவகத் தீவின் கவி மொழியை ஆராய்ந்தவர். 1828-ஆம் ஆண்டு முதல் 1835-இல் தாம் மறையும்வரை அவர் எழுதிய மடல்களில் தம் உடல்நிலையைத் திறம்பட விளக்கியுள்ளார். ஓய்ந்திருக்கும்போது கை நடுங்குவதை அவர் குறித்துள்ளார். எனினும் எழுத முடியாமைக்கு நடுக்கமே காரணம் என்று அவர் கருதவில்லை. விரைவாகவும் பல அசைவுகளை ஒருங்கிணைத்தும் செய்யவேண்டிய தொழிலில் தம் கைக்கு ஒருவகைத் தடுமாற்றம் நேர்வதாக அவர் கூறினார். எழுதத் தொடங்கும்போது ஓரளவு பெரியனவாக இருக்கும் எழுத்துகள் வரி செல்லச்செல்லச் சிறுத்துப் போவதையும் அவர் கண்டார். இந்நோயைப் பற்றிப் பார்க்கின்சன் நூல் வெளிவந்து பத்தாண்டுகளே கடந்திருந்த காலத்தில், மொழியறிஞர் ஒருவர் தம் கையையே நூலாகக் கொண்டு கற்றறிந்த செய்தி இது. பிற்காலத்து மருத்துவரும் இதனை மெய்யென உடன்பட்டனர். இந்நோயின் நடுக்கம் பெரும்பாலும் கை ஓய்ந்திருக்கும்போது வினாடிக்கு 4 முதல் 6 முறை நிகழ்வது. கை ஒரு செயலைத் தொடங்கியவுடன் அது தணிவதும் உண்டு. செயலைக் கெடுப்பவை பெரும்பாலும் வேறு மூன்று: அசைவின் மெதுமை, தசைகளின் விறைப்பு, அசைவு வரவரக் குறுகிப்போதல்.

இவற்றுக்கெல்லாம் காரணம் மூளையின் உள்ளே உள்ளது. டோபமைன் என்னும் பொருளைச் சுரக்கும் நரம்பணுக்கள் சிறிது சிறிதாக அழிந்துபோகின்றன. நோயாளிகளின் மூளையில் அப்பொருள் மிகக் குறைந்திருத்தலை வியன்னா நகர ஆய்வாளர் 1960-ஆம் ஆண்டில் வெளியிட்டனர். அதன்பின், மூளைக்குள் சென்று டோபமைனாக மாறும் லெவோடோபா என்னும் மருந்து வழக்கிற்கு வந்தது. இம்மருந்துக்கும் தமிழகத்துக்கும் ஒரு தொடர்பு உண்டு. பூனைக்காலி என்னும் கொடியின் விதையிலிருந்து அப்பொருளைப் பிரித்தெடுத்த செய்தியைத் தாமோதரன், இராமசாமி என்னும் இருவர் 1937-ஆம் ஆண்டில் சென்னையிலிருந்து வெளியிட்டனர். அது பின்னாளில் எண்ணற்ற கைகளை இயங்கச் செய்யும் என்று அன்று யாரும் அறிந்திலர்.

மருந்து கைகொடுத்தது, ஆயினும் அது நாள்முழுதும் ஒரே அளவில் கைகொடுப்பதில்லை. நோய் தோன்றிச் சில ஆண்டுகள் கழிந்த பின்னர், ஒரு வேளை உண்ட மருந்தின் ஆற்றல் அடுத்த வேளை வருமுன்னரே தேய்ந்துபோதல் பலருக்கு நேர்கின்றது. காலையில் மருந்துண்ட சிறிது நேரத்தில் சட்டையின் பொத்தான்களைத் தாமே இடுபவர், நண்பகலுக்குள் அப்பொத்தானைத் தொட்டுத் தடவிக் கொண்டு நிற்பார். மீண்டும் மருந்து, மீண்டும் இயக்கம். சிலருக்கு மருந்தின் வலிமை மிகும்போது உடல் தானே நெளிந்து அசைதலும் உண்டு. இவ்வாறு ஒரே மனிதருக்கு ஒரே நாளில் பல கைகள் அமைகின்றன எனலாம்.

மருத்துவர் அறிய விரும்புவது இந்த ஏற்றத்தாழ்வையே. எந்நேரத்தில் இயக்கம் நின்றது, எந்நேரத்தில் மீண்டது, எப்போது உடல் நெளிந்தது என்பவற்றை அறிந்தாலன்றி மருந்தின் அளவையும் வேளையையும் செப்பமாக வகுத்தல் இயலாது. நோயாளியோ சில திங்களுக்கு ஒருமுறை மருத்துவர்முன் அமர்கின்றார். அந்தச் சில நிமிடங்களில் அவர் கை எந்நிலையில் இருக்கின்றதோ அந்நிலையே மருத்துவர் கண்ணுக்குப் புலனாகும். ஆதலின் நாளை அரைமணி அரைமணியாகப் பகுத்து, ஒவ்வொரு பகுதியிலும் தம் நிலையைக் குறித்துவைக்குமாறு நோயாளியிடம் தாளில் அச்சிட்ட குறிப்பேடு தருதல் வழக்கமாயிற்று. இங்கேதான் இடர்ப்பாடு தோன்றுகின்றது. கை இயங்காத நேரத்தைக் கை கொண்டே எழுத வேண்டும். எழுத இயலாதவர் காத்திருப்பார். கை மீண்டபின், கடந்ததை நினைவுகூர்ந்து கட்டங்களை நிரப்புவார். அத்தகைய குறிப்பேடு உண்மையின் நிழலேயன்றி உண்மை அன்று.

கைபேசி பரவிய காலத்தில் இவ்விடர்ப்பாடு நீங்கும் என்னும் நம்பிக்கை பிறந்தது. அக்கருவிக்குள் அசைவை அறியும் உணரி உண்டு. ஒலியைப் பதியும் வாங்கி உண்டு. விரல் பட்ட இடத்தையும் நேரத்தையும் வினாடியின் மிகச் சிறு கூறு வரை கணிக்கும் திரை உண்டு. மருத்துவமனையிலிருக்கும் கருவி நோயாளியின் சட்டைப் பைக்கே வந்துவிட்டது போன்ற நிலை அது. 2015-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் அமெரிக்க நாட்டில் சேஜ் பயோநெட்வொர்க்ஸ் என்னும் ஆய்வு நிறுவனம் ‘எம்பவர்’ என்னும் செயலியை வெளியிட்டது. அதனை ஐபோன் உடையவர் தம் இல்லத்திலிருந்தே பயன்படுத்த முடிந்தது. திரையில் தோன்றும் இரண்டு பொத்தான்களை இரு விரல்களால் மாறிமாறி 20 வினாடி தட்டுதல், ‘ஆ’ என்னும் ஒலியை 10 வினாடி நீட்டி ஒலித்தல், கைபேசியைப் பையில் இட்டுக்கொண்டு 20 அடி எடுத்து வைத்து நடத்தல் ஆகியவை அதிலிருந்த சோதனைகளுட் சில. நோயுற்றாரும் நோயற்றாருமாகப் பலர் அதில் சேர்ந்தனர். தம் பதிவுகளை உலகின் ஆய்வாளர் பலரும் பயன்படுத்திக் கொள்ளலாம் என 9,500-க்கும் மேற்பட்டோர் இசைவு அளித்தனர். அறுவரைக் கண்டு நூல் எழுதிய பார்க்கின்சன் இவ்வெண்ணிக்கையைக் கேட்டிருப்பின் வியப்புற்றிருப்பார். ஆனால் சேர்ந்தவருள் பெரும்பாலோர் சில நாட்களுக்குமேல் தொடரவில்லை. தொடர்ந்து செய்வதற்கு ஊக்கம் மட்டும் போதாது. செய்தற்கு எளிதாகவும் இருத்தல் வேண்டும்.

அது எத்துணை அரிது என்பதை ஓர் எடுத்துக்காட்டால் உணரலாம். முதியவர் ஒருவர் பிற்பகல் மூன்று மணிக்குத் தம் இல்லத்தில் அமர்ந்திருக்கின்றார் எனக் கொள்க. நண்பகலுக்கு முன் உண்ட மருந்தின் ஆற்றல் குறைந்துவிட்டது. அடுத்த வேளை மருந்துக்கு இன்னும் அரைமணி நேரம் உள்ளது. இந்நேரத்துத் தம் நிலையைச் செயலியில் பதிய அவர் விரும்புகின்றார். இடக்கையால் கைபேசியை எடுக்கின்றார். அசையாது பிடித்திருக்கும் அக்கையில் சில வினாடிகளில் நடுக்கம் தோன்றுகின்றது. ஆகவே இலக்கே ஆடுகின்றது. வலக்கை விரல் செயலியின் சின்னத்தைச் சரியாகவே தொடுகின்றது. ஆயினும் விறைப்பினால் அவ்விரல் உடனே மேலெழவில்லை. ஏறத்தாழ அரை வினாடிக்கு மேல் விரல் தங்கினால் கைபேசி அதனைத் தட்டுதல் என்று கொள்ளாது. அழுத்திப் பிடித்தல் என்று வேறு பொருள் கொள்ளும். சில கைபேசிகளில் அப்போது திரையிலுள்ள சின்னங்கள் எல்லாம் ஆடத் தொடங்கும். செயலியை நீக்கிவிடலாமா என்னும் வினாவும் எழும். முதியவர் கேட்டது ஒன்று. கருவி விளங்கிக்கொண்டது மற்றொன்று.

ஒருவாறு செயலி திறக்கின்றது. உடல் விறைப்பு எவ்வளவு என்று அது வினவி, ஒன்றுமின்மை முதல் பத்து வரை நீளும் கோட்டின்மீது ஒரு சிறு வட்டத்தை இழுத்து நிறுத்தச் சொல்கின்றது. ஏழில் நிறுத்தக் கருதிய விரல் ஒன்பதில் நிற்கின்றது. பின்னோக்கி இழுத்தால் நான்கிற்குப் போகின்றது. அடுத்து, மருந்துண்ட நேரத்தைச் சுழலும் எண்வரிசையில் தேர்ந்தெடுக்க வேண்டும். அவர் எண்ணித் தேர்வதற்குள் திரை தானே இருண்டு பூட்டிக்கொள்கின்றது. நான்கு மணிக்கு மருந்து வேலை செய்யத் தொடங்கியபின் இவை அனைத்தையும் அவர் எளிதிற் செய்துவிடுவார். அப்பொழுதோ மூன்று மணிக்கு இருந்த நிலையை நினைவிலிருந்து எழுதுபவர் ஆகின்றார். தாளில் இருந்த குறை கண்ணாடித் திரைக்குக் குடிபெயர்ந்தது; அவ்வளவே.

ஈண்டு ஒரு விந்தையும் உண்டு. விரல்களால் தட்டும் சோதனையில் அவர் விரல் தாமதித்தாலும் பொத்தானை விட்டு விலகிப் பட்டாலும் செயலி அதனை அருமையான செய்தியாகக் கொண்டு பதிகின்றது. அதே விரல், அச்சோதனையைத் திறப்பதற்குரிய பொத்தானில் தாமதித்தாலோ விலகிப் பட்டாலோ அது வெறும் பிழையாகத் தள்ளப்படுகின்றது. அளக்கும்போது நோயை அறிந்த கருவி, பணி செய்யும்போது நோயை மறந்துவிடுகின்றது. இதனை நோயாளியின் குறை என்று கூறுதல் பொருந்தாது.

இக்குறையைத் தீர்க்க முயன்றோருள் குறிப்பிடத்தக்கவர் போர்ச்சுக்கல் நாட்டு ஆய்வாளர் சிலர். போர்ட்டோ நகரிலுள்ள பிரான்ஹோபர் ஆய்வு நிலையத்தைச் சார்ந்த பிரான்சிஸ்கோ நூனெசும் அவர்தம் துணைவரும், பார்க்கின்சன் நோயாளிகள் 39 பேரைக் கொண்டு தொடுதிரையில் விரலின் செயல்களை ஆராய்ந்தனர். அம்முடிபுகள் 2016-ஆம் ஆண்டில் வெளிவந்தன. ஒருமுறை தட்டுதல், பலமுறை தட்டுதல், திரைமீது விரலை ஒரு திசையில் வீசித் தள்ளுதல், ஒன்றை விரலோடு இழுத்துச்சென்று வேறிடத்தில் விடுதல் என்னும் நான்கு செயல்கள் ஆராயப்பட்டன. தட்டுதற்குரிய பொத்தான் ஒவ்வொரு பக்கமும் 14 மில்லிமீட்டர் அளவினதாய் இருத்தல் நன்று என்பது அவர்கள் கண்ட முடிபு. பொதுவான கைபேசிகளில் பொத்தானுக்குப் பரிந்துரைக்கப்படும் அளவு ஏறத்தாழ 9 மில்லிமீட்டராகும். ஐந்து மில்லிமீட்டர் வேறுபாடு கேட்பதற்குச் சிறிதாகவே தோன்றும். பரப்பாகக் கணக்கிட்டால் அப்பொத்தான் இரண்டு மடங்கிற்கும் மிகுதியாகின்றது.

விரலால் வீசித் தள்ளும் செயலை வைக்கலாம். ஆனால் இவ்வளவு விரைவாகத் தள்ளினால்தான் ஏற்கும் என்னும் நிபந்தனை இல்லாதிருத்தல் நலம். இழுத்துச்சென்று விடுதலை மிகச் சிக்கனமாகவே பயன்படுத்துதல் வேண்டும். அதனைக் காட்டிலும் பலமுறை தட்டச் சொல்வதே மேல். இம்முடிபுகளின் காரணத்தை ஹம்போல்டின் மடல்களைக் கற்றவர் எளிதில் உணர்வர். தட்டுதல் ஒவ்வொன்றும் தனித்தனியே தொடங்கி முடிவது. தவறினால் ஒன்றே தவறும். இழுத்தலோ தொடக்கம் முதல் இறுதி வரை ஒரே அழுத்தத்தையும் ஒரே திசையையும் காக்கவேண்டிய தொடர்செயல். நடுவில் ஒரு கணம் தவறினாலும் முழுதும் பாழாகும். ஆகவே விறைப்பின் அளவைக் கேட்கும் கோட்டிற்கு மாறாக, இருபுறமும் கூட்டற்குறியும் கழித்தற்குறியும் கொண்ட பெரிய பொத்தான்களை வைத்தால், முன்னர்க் கூறிய முதியவர் ஏழு முறை தட்டி ஏழைப் பெறுவார்.

பதினான்கு மில்லிமீட்டர் என்னும் அளவை ஏற்றுக்கொண்டால் மற்றொரு செய்தியும் தானே பெறப்படும். கைபேசித் திரையின் அகலம் பெரும்பாலும் 65 முதல் 70 மில்லிமீட்டர். ஆங்கில எழுத்துப் பலகையில் மேல்வரிசைக்குப் பத்து எழுத்துகள். ஒவ்வொன்றுக்கும் 7 மில்லிமீட்டருக்குமேல் கிடைத்தற்கு வழியில்லை. அஃதாவது, வேண்டிய அளவில் பாதியே கிடைக்கும். இத்தகைய எழுத்துப் பலகையைப் பெரிதாக்கித் தருதல் அத்திரையில் இயலாது. தட்டெழுதும் தேவையையே ஒழித்தல் வேண்டும். மருந்தின் பெயரை ஒருமுறை மருத்துவரோ குடும்பத்தாரோ பதிந்துவைத்தால் போதும். பின்னர் நாள்தோறும் நோயாளி அதனை எழுத வேண்டுவதில்லை. ஆயினும் ஒவ்வொரு நாளும் கடவுச்சொல் கேட்டு நிற்கும் செயலிகளுக்குக் குறைவில்லை. கடவுச்சொல்லில் ஒரு பேரெழுத்தும் ஓர் எண்ணும் ஒரு குறியும் இருந்தே தீரவேண்டும் என்று வற்புறுத்துவோர், அதனைத் தட்டெழுதும் விரலை நினைத்துப் பார்த்திலர்.

வாயினாற் கூறினால் கை எதற்கு என்று சிலர் வினவலாம். வினா தக்கதே, ஆனால் இந்நோய் குரலையும் விட்டுவைப்பதில்லை. நோயுற்றாருள் பெரும்பாலோருக்கு நாளடைவில் குரல் மெலிந்து ஓசை தாழ்கின்றது. சொற்கள் ஒன்றோடொன்று ஒட்டி விரைகின்றன. தாம் உரக்கவே பேசுவதாக நோயாளி எண்ணிக்கொண்டிருப்பார். எதிரே இருப்பவர் செவிசாய்த்துக் கேட்பார். நலமுற்றார் குரலைக் கொண்டு பயிற்றப்பட்ட கருவி செவிசாய்ப்பதில்லை. ‘விளங்கவில்லை’ என்று கூறி ஓய்ந்துவிடுகின்றது. ஆதலின் கை, குரல் என்னும் இரண்டில் ஒன்றை மட்டும் நம்பாமல், இரண்டிற்கும் இடமளிக்குமாறு போர்ச்சுக்கல் ஆய்வாளர் கூறினர். காலையில் விரல் உதவலாம். மாலையில் குரல் உதவலாம்.

கண்ணும் முழுதும் துணைபுரிவதில்லை. ஒளி வேறுபாட்டைப் பகுத்தறியும் ஆற்றல் இந்நோயிற் குறைவதுண்டு; வெண்ணிறத்தின்மீது இளஞ்சாம்பல் நிறத்தில் எழுதப்பட்ட எழுத்துகள் அழகாகத் தோன்றலாம், ஆனால் அவை அவர்களுக்குப் புலப்படா. ஒரே நேரத்தில் இரண்டு செய்திகளில் கருத்தைச் செலுத்துதலும் சிலருக்கு அரிதாகின்றது. ஒரு பக்கத்தில் ஒரே வினா, தாம் இருக்குமிடம் எதுவென எப்போதும் காட்டும் தலைப்பு, பின்செல்வதற்கு மாறாத இடத்தில் ஒரு பொத்தான் ஆகியவை போதும். இத்துணை நேரத்திற்குள் விடை தருக என்னும் கட்டளை எவ்விடத்தும் கூடாது. மருந்து வேளையை நினைவூட்டும் மணி ஒரு நிமிடம் ஒலித்து அடங்கிவிடுமாயின், நாற்காலியிலிருந்து எழுவதற்கே அந்நிமிடம் சென்றுவிடும். அம்மணி விடை பெறும்வரை திரையில் நிலைத்து நிற்றல் வேண்டும்.

கைபேசிகளை ஆக்குவோர் இவற்றை அறவே எண்ணாதவர் என்றும் சொல்லிவிட முடியாது. 2015-ஆம் ஆண்டில் ஐபோன் கருவியில் ‘தொடுகை உதவி’ எனத்தக்க ஏற்பாடு ஒன்று இணைக்கப்பட்டது. குறித்த நேரம் விரல் தங்கினால் மட்டுமே தொடுகையாகக் கொள்ளுதல், அடுத்தடுத்து விழும் தட்டுகளை ஒன்றாகவே எண்ணுதல், விரல் நழுவினாலும் முதலில் பட்ட இடத்தையோ கடைசியில் விட்ட இடத்தையோ இலக்காகக் கொள்ளுதல் ஆகிய வசதிகள் அதில் உண்டு. இவை அரிய வசதிகளே. ஆனால் இவ்வசதியை அடைவதற்கு அமைப்புகள் என்னும் பகுதியைத் திறந்து, பட்டியலைத் தள்ளி, சிறுசிறு வரிகளை ஒன்றன்பின் ஒன்றாகத் தொட்டுச் செல்லவேண்டும். பெட்டியைத் திறக்கும் சாவியைப் பெட்டிக்குள்ளேயே வைத்துப் பூட்டியது போன்றது இது. தெரிந்தவர் ஒருவர் முதல்நாளில் உடனிருந்து அமைத்துத் தந்தாலன்றி அவ்வசதி உரியவரைச் சென்றடையாது. மேலும், காலையில் நெளியும் கைக்கும் பிற்பகலில் விறைக்கும் கைக்கும் ஒரே அமைப்புப் பொருந்துவதில்லை. பயன்படுத்துவோரின் அவ்வப்போதைய நிலைக்கேற்பத் திரை தன்னை மாற்றிக்கொள்ள வேண்டும் என்னும் பரிந்துரையும் போர்ச்சுக்கல் ஆய்வில் இடம்பெற்றது. பரிந்துரைகள் அனைத்திலும் அருமையானது இதுவே. நிறைவேற்றுதற்கு அரியதும் இதுவே.

பல இல்லங்களில் இச்சிக்கலுக்கு விரைவான தீர்வு ஒன்று காணப்படுகின்றது. மனைவியோ மகனோ கைபேசியை வாங்கித் தாமே பதிந்துவிடுகின்றனர். அன்பினாற் செய்யும் செயலே அது. எனினும், வெளியிலிருந்து காண்பவருக்கு உள்ளிருக்கும் விறைப்புத் தெரியாது. உடல் நெளியும்போது வீட்டார் அஞ்சி அதனைத் தீய நேரமாகக் குறிப்பர். நோயாளிக்கோ, அசைய முடியாது கிடக்கும் நேரத்தைவிட அந்நெளிவு தாழ்வில்லை என்று தோன்றலாம். இரண்டையும் வேறுபடுத்தி அறிந்தே மருத்துவர் மருந்தைக் கூட்டவும் குறைக்கவும் வேண்டியவர். இதனோடு, தம் உடலைப் பற்றிய செய்தியைத் தாமே சொல்லும் உரிமையும் மெல்ல நழுவிப்போகின்றது. உடுத்தலிலும் உண்ணுதலிலும் பிறர் உதவியை நாடவேண்டியவருக்கு அவ்வுரிமை சிறிதன்று.

எளிமையாக அமைந்த கருவி எவ்வளவு உதவும் என்பதற்கும் சான்று உண்டு. நடந்து செல்லும்போது திடீரெனக் கால்கள் தரையில் ஒட்டிக்கொண்டாற்போல நின்றுவிடுதல் இந்நோயில் நேர்வது. தரையில் குறுக்குக் கோடுகள் இருப்பின் அக்கால்கள் அவற்றைத் தாண்டி எழும். சீரான தாள ஒலி கேட்பினும் அடிகள் அத்தாளத்தைப் பற்றிக்கொண்டு நடக்கும். கோடிட்ட தாளில் எழுதச் சொன்னால் சிறுத்துப்போகும் எழுத்தும் பெரிதாவது இதன்பாற்பட்டதே. கைபேசியில் தாள ஒலி எழுப்பும் செயலிக்குத் திரை நிறைந்த ஒரே பொத்தான் போதும். தொட்டால் ஒலிக்கும், மீண்டும் தொட்டால் நிற்கும். விரல் எங்குப் பட்டாலும் அது சரியான இடமே. வாயிற்படியில் உறைந்து நிற்பவருக்கு இதைவிடப் பெரிய பட்டியலும் வண்ணப் படங்களும் எதற்கு?

செயலியை ஆக்குவோர் அதனை நோயாளிகளிடம் சோதித்துப் பார்ப்பதுண்டு. அச்சோதனையிலும் ஒரு நுட்பம் அடங்கியுள்ளது. ஆய்வுக்கூடத்திற்கு வருமாறு அழைத்தால், நோயாளி மருந்து நன்கு வேலை செய்யும் வேளையைத் தேர்ந்தே புறப்படுவார். மற்ற வேளைகளில் பேருந்து ஏறுவதே அரிது. ஆகவே ஆய்வாளர் முன் அமர்வது அவருடைய நாளில் மிகச் சிறந்த கை. அக்கை எல்லாப் பொத்தான்களையும் செவ்வனே தொடும். செயலி நன்று என்னும் சான்றும் கிடைக்கும். வீட்டிற்குத் திரும்பிய பின்னர்ப் பிற்பகல் மூன்று மணிக்கு என்ன நேர்கின்றது என்பது அச்சான்றில் இராது.

‘எம்பவர்’ செயலியை அமைத்தோர் இவ்வகையில் நல்லதொரு முறையை வகுத்திருந்தனர். மருந்துண்ணும் நோயாளியர் நாளில் மூன்று முறை அச்சோதனைகளைச் செய்யுமாறு கேட்டுக்கொள்ளப்பட்டனர்: மருந்துண்பதற்குச் சற்று முன் ஒருமுறை, மருந்துண்டு உடல் நன்கு இயங்கும்போது ஒருமுறை, மற்றொரு நேரத்தில் ஒருமுறை. அப்பதிவுகளை ஒப்புநோக்கியபோது சிலரிடத்து மருந்துக்கு முன்னைய தட்டுகளுக்கும் பின்னைய தட்டுகளுக்கும் வேறுபாடு தெளிவாகத் தெரிந்தது. அம்முதற் பதிவுகளைத் தந்தவர்கள், மருந்துக் குப்பியைத் தொடுமுன், விறைத்த விரலால் கைபேசியைத் திறந்து, இரண்டு பொத்தான்களையும் மாறிமாறித் தட்டியவர்கள். அவை ஒவ்வொன்றும் இருபது வினாடிப் பதிவுகள்.